இரண்டாவது ஆள்

அத்தியாயம் 14

பேருந்தை விட்டு இறங்கியதும் மீட்டர்காரர் முதலில் செய்த காரியம், சட்டைப் பையில் கடிதம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்ததுதான். இருந்தது. வீட்டில் புறப்படும்போது இருந்தது, பேருந்தில் ஏறும்போதும் இருந்தது, அதற்குள் கால் முளைத்து ஓடிவிடுமா என்ன? ஆனாலும் தொட்டுப் பார்த்தால்தான் அவர் நம்புவார்.

கடிதத்தின் கதையை மறந்தவர்களுக்காக நாலு வரி. அவருடைய ஒரே மகள் இந்தச் சரணாலயத்தில் நடைபாதைகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறாள். ஆறு வருடமாக அங்கேயே ஓர் ஒற்றை அறையில் வாசம். போன செவ்வாய்க்கிழமை அவள் பெயருக்கு வந்த கடிதம், அவள் விலாசம் மாற்றாத குற்றத்துக்காக அப்பா வீட்டில் வந்து விழுந்தது. மகள் பெயர் போட்ட உறையை அப்பா பிரிக்கலாமா என்று கேட்காதீர்கள். பிரித்துவிட்டார்.

'இருவர் தங்கும் குடியிருப்புக்கான தங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. இரண்டாவது நபர் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வாயில் அலுவலகத்தில் நேரில் கையெழுத்திட வேண்டும். தவறினால் வீடு அடுத்தவருக்குப் போகும்.'

இருவர் என்றால், யார் அந்த இரண்டாவது ஆள்?

ஐந்து நாளாக அந்தக் கேள்வி பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி அவரைப் படுத்திக்கொண்டிருந்தது. போனில் கேட்கலாம்தான். போனில் சொல்வதை யார் நம்புவது? முப்பத்து நாலு வருடம் வீடு வீடாகப் போய் தண்ணீர் மீட்டரில் ரீடிங் எடுத்த மனிதர். 'எங்க வீட்ல நாங்க ரெண்டே பேர்தான்' என்று சொல்கிறவன் வீட்டு மீட்டர், ஆறு பேர் குளிப்பதைக் காட்டிக் கொடுத்துவிடும். மனுஷன் வாயை நம்பாதே, முள்ளைப் பார் என்பதுதான் அவர் கற்ற ஒரே பாடம்.

எவனோ ஒருவன் மகளிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறான். இனி அவள் வீட்டுக்குத் திரும்ப மாட்டாள். ஆறு வருடமாக மடித்தபடி கிடக்கும் அவள் படுக்கை மடித்தபடியே கிடக்கும். அவர் பயம் அதுதான். அதை வெளியே சொல்லாமல் அந்த இரண்டாவது ஆளைத் திட்டித் தீர்த்தார். ஒண்ட வந்த பிடாரி என்றார். உழைத்துச் சாப்பிட வக்கில்லாமல் ஒரு பெண் வீட்டில் நுழையப் பார்க்கிற ஜென்மம் என்றார். திட்டுவதைக் கேட்க வீட்டில் இருந்தது அக்கா ஒருத்திதான்.

அக்கா அவரைவிட மூன்று வயது மூத்தவள். அவர் மனைவி போனபோது, ஒன்பது வயதுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பத்து நாளைக்கு என்று பையோடு வந்தாள். இருபத்து மூன்று வருடம் ஆகியும் அந்தப் பத்து நாள் இன்னும் முடியவில்லை. சட்டை தைக்கும் ஆலையில் பொத்தான் துளை போட்டு ஓய்வு பெற்றவள். அதிகம் வாய் திறக்கமாட்டாள். இந்த ஐந்து நாளில் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள்.

"அந்த ஆள் அவ்வளவு மோசமாவாடா இருப்பாங்க?"

"இதைவிட மோசமா இருக்கும், நீ வேணா பாரு" என்றார் மீட்டர்காரர்.

இன்று காலை அவர் கிளம்பியபோது நானும் வருகிறேன் என்றாள். அவருக்குச் சங்கடம். அக்காவுக்குக் கண் கோளாறு. ஒரு வருடமாக வியாழக்கிழமைதோறும் கண் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறாள். சாயங்காலம் அவர்தான் பேப்பரைச் சத்தமாகப் படித்துக் காட்டுவார். காட்டுப் பாதையில் தடுக்கி விழுந்தால் யார் தூக்குவது? ஆனால் பெரியவள் சொன்னால் சொன்னதுதான்.

சரணாலய வாசலில் ஆள் ஆளாக நுழைகிற இரும்புச் சுழல்கதவு. எண்ணெய் கண்டு எத்தனை வருடமோ, ஆள் நுழைந்தால் ஒரு கிறீச். அவர் நுழைந்தார், கிறீச். அக்கா நுழைந்தாள், கிறீச். கதவை ஒட்டிய அறையில் ஒரு தடித்த பதிவேட்டுடன் வாசல்காரம்மா. உள்ளே எத்தனை பேர், எத்தனை மணிக்கு, வெளியே எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்று கட்டம் போட்டிருந்தது. இருட்டுவதற்குள் யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் தெரியவேண்டுமாம். மீட்டர்காரருக்குப் பிடித்துப்போனது. உருப்படியான கணக்கு.

வாசல்காரம்மா நீட்டிய பேனாவை அவர் தொடவில்லை. அவருடைய பேனா சட்டைப் பித்தானில் நூலால் கட்டியது, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வந்த பழக்கம். இரவல் கொடுத்ததும் இல்லை, வாங்கியதும் இல்லை. 'உள்ளே: 2' என்று எழுதினார். வாசல்காரம்மா அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். வந்தவர்களைப் பார்த்துச் சிரிக்க இவர்களுக்குச் சம்பளம் போலும் என்று நினைத்துக்கொண்டார்.

மகளுடைய அறை கதவு திறந்திருந்தது. மேஜையில் மூன்று கோப்பை கவிழ்த்து வைத்திருந்தது.

"வாங்கப்பா, வாங்க அத்தை" என்றாள், நேற்றுத்தான் பார்த்தவள் மாதிரி. முழங்கை வரை மண். காலையில் மரப்பாலத்தில் பலகை மாற்றினாளாம்.

வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. மூன்று கோப்பை எப்படி வந்தது? மகளுக்கு ஒன்று, அந்த இரண்டாவது ஆளுக்கு ஒன்று, மூன்றாவது யாருக்கு? அவர் அறையை ஒரு சுற்றுச் சுற்றினார். ஒரே ஒரு துவாலை, பல் தேய்க்கும் பிரஷ்ஷும் ஒன்று. ஆம்பளைச் செருப்பு எதுவும் கண்ணில் படவில்லை. கெட்டிக்காரன், தடயம் இல்லாமல் வைத்திருக்கிறான்.

"கட்டிலுக்கு அடியில பாக்கலையேப்பா" என்றாள் மகள்.

"உன் கடிதம் ஒண்ணு வந்திருக்கு" என்று மட்டும் சொன்னார்.

"பிரிச்ச கடிதமா, பிரிக்காத கடிதமா?"

மகள் அத்தையை ஒரு பார்வை பார்த்தாள். நடந்துவிட்டு வந்து பேசிக்கொள்ளலாம், மத்தியானத்துக்குள் நாணல் பக்கம் போனால்தான் எதையாவது பார்க்க முடியும் என்றாள்.

நடந்தார்கள். மீட்டர்காரர் காடு என்றால் மரம் என்று நினைத்திருந்தார். இங்கே என்னடாவென்றால் கால் மணிக்கு ஒரு தரம் உலகம் மாறியது. முதலில் இடுப்பளவு புல், காற்றடித்தால் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. அதைத் தாண்டினால் முள்ளுப் புதர். புதர் முடிந்ததும் கால் புதைகிற மணல்மேடு, மேட்டில் ஏறி இறங்கினால் மரங்கள் அடர்ந்து சட்டென்று குளிர். பாதை ஓரத்தில் மஞ்சள், நீலம், சிவப்பு என்று வர்ணம் அடித்த கட்டைகள். மஞ்சளில் போனால் ஒரு மணி, நீலத்தில் இரண்டு மணி.

"ஒரே இடத்துக்குப் போறதுக்கு எதுக்கு மூணு வழி? ஊரைச் சுத்தவிடற வேலை."

"இடம் ஒண்ணுதாம்பா. பாக்கிறது வேற வேற" என்றாள் மகள்.

அவர் நம்பவில்லை. ஆனால் ஒவ்வொரு கட்டையாக எண்ணிக்கொண்டே வந்தார். மணல் ஏன் இங்கே மட்டும் குவிந்திருக்கிறது, மரத்தில் யார் இப்படி வரிசையாகத் துளை போட்டது, இந்தப் புழுக்கை எதனுடையது என்று கேட்டார். தான் வந்த காரியத்தையே கொஞ்ச நேரம் மறந்துவிட்டார் என்றுகூடச் சொல்லலாம்.

ஓடையோரத்தில் ஒருவன் எதிரே வந்தான். நெட்டை ஆள், தொடை வரைக்கும் ரப்பர் பூட்ஸ், கையில் வலை. தவளை எண்ணுகிறவனாம். மகளைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். மீட்டர்காரருக்குச் சுரீரென்றது. அகப்பட்டான் என்று வழிமறித்து விசாரணையை ஆரம்பித்தார். எங்கே குடியிருக்கிறாய், வீட்டில் எத்தனை பேர் என்றெல்லாம் கேட்டார். அவனுக்கு மனைவி உண்டு, மூன்று பிள்ளைகள், அதில் கடைசி இரண்டும் இரட்டை. வீட்டில் தொட்டித் தண்ணீர் மதியத்துக்கே தீர்ந்துவிடுகிறது என்று அவனாகவே புலம்பினான். அந்தப் புலம்பலில் பொய் இல்லை. இரட்டைப் பிள்ளை வீட்டு மீட்டர் எப்படிச் சுற்றும் என்று அவருக்குத் தெரியும். போ என்று விட்டுவிட்டார்.

சதுப்பு வந்தது. மரப்பாலம் பாதியில் நின்று, அப்பால் சேறு. ஒரு பெட்டியிலிருந்து மகள் ரப்பர் பூட்ஸ்களை எடுத்தாள். உங்களுக்கு என்ன அளவுப்பா என்று கேட்டாள். எட்டு என்றார். எட்டு இல்லை, ஏழில் விரலை மடக்கித் திணித்துக்கொண்டார்.

அத்தையிடம் அளவு கேட்கவில்லை. ஒரு ஜோடியை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். அக்கா வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி காலை விட்டுக்கொண்டாள்.

குனிந்திருந்த மீட்டர்காரர் கண்ணில் அந்த பூட்ஸின் இடது குதிகால் பட்டது. வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. முப்பது வருடம் தையல் மெஷின் மிதித்து இடது காலைச் சாய்த்து நடக்கிற ஒருத்தியை அவருக்குத் தெரியும். ஆனாலும் சொட்டு விழுகிற குழாயை இரண்டாம் தரம் பார்க்காமல் ஊர்ஜிதம் செய்யக் கூடாது என்பது வேலைப் பழக்கம்.

நாணலுக்கு நடுவே பறவை பார்க்கிறவர்கள் ஒளிந்துகொள்ள ஒரு மரக்குடிசை. நீளமான துவாரம், அதன் எதிரில் ஒரு பெஞ்சு, ஆணியில் தொங்கும் ஒரு நோட்டு. மகள் உள்ளே வரவில்லை, ஆடுகிற பலகை ஒன்றை அடிக்க வேண்டும் என்று சுத்தியலோடு வெளியே நின்றுவிட்டாள்.

தூரப்பார்வைக் கண்ணாடியை வைத்து மீட்டர்காரர் துழாவினார். நாணல் தெரிந்தது. அப்புறமும் நாணல்தான்.

"ஒண்ணுமில்ல" என்றார்.

"இருக்கு" என்றாள் அக்கா. அவள் கண்ணாடியை வாங்கவே இல்லை. "அதோ, ஒடிஞ்ச நாணல் தட்டைக்கு இடப்பக்கம். கொஞ்சம் கீழ."

அவர் பார்த்தார். ஒன்றுமில்லை. காற்று வந்தது, நாணல் ஆடியது. எல்லாம் ஆடியதில் ஒன்று மட்டும் அரை நொடி பிந்தி ஆடியது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். தட்டைக்கு நடுவில் ஒரு மஞ்சள் கண். கண்ணுக்குக் கீழே கழுத்து, கழுத்தெல்லாம் நாணல் வர்ணத்தில் கோடு. அலகை வானத்துக்குத் தூக்கி, தன்னையும் ஒரு தட்டையாக நினைத்துக்கொண்டு, கோழியைவிடப் பெரிய பறவை ஒன்று நின்றிருந்தது.

"எவ்வளவு நேரமா நிக்குது?"

"நாம வந்ததிலேருந்து."

இது பதிவாக வேண்டிய விஷயம். அவர் நோட்டை எடுத்தார். நாள், என்ன பார்த்தது, எத்தனை என்று கட்டங்கள். எழுதுவதற்கு முன்னால் பழைய பக்கங்களைப் புரட்டினார். முன்னால் எழுதினவன் சரியாக எழுதியிருக்கிறானா என்று பார்க்காமல் அவர் எந்தப் பதிவேட்டிலும் கை வைத்ததில்லை.

நாணல் பறவை ஒன்று. நாணல் பறவை ஒன்று, குரல் மட்டும். நாணல் பறவை இரண்டு. ஒரே கை எழுத்து. காலை நீட்டி உட்கார்ந்த மாதிரி ஒரு நாலு, வயிறு பெருத்த ஒரு எட்டு. அவர் காய்ச்சலில் கிடந்த நாட்களில் வீட்டு மீட்டர் ரீடிங்கை அக்கா எழுதி வைத்த நாலும் எட்டும்.

சட்டைப் பையிலிருந்து தன் குட்டி நோட்டை எடுத்தார். வீட்டு மீட்டரைத் தினமும் காலையும் மாலையும் குறித்த நோட்டு. இரண்டையும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். வியாழன், வியாழன், வியாழன். சரணாலயத்து நோட்டில் பறவை வந்த நாளெல்லாம் அவருடைய நோட்டில் ஐந்து குடம் தண்ணீர் குறைவு.

ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் தண்ணீர் குறையத்தான் செய்யும் என்று நினைத்தாரா? இல்லை. வியாழன்தோறும் அவர் பென்ஷன்காரர் சங்கத்துக்குப் போய்விடுவார்; கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு இரண்டு மணி நேரத்தில் வந்துவிட்டேன் என்று அக்கா சொல்வாள். அப்படி வந்தவளுக்கு ஐந்து குடம் குறையாது, ஆகவே மீட்டர்தான் பழுது என்று முடிவு கட்டினார். ஆபீசில் போய்ச் சண்டை போட்டு இரண்டு தரம் மீட்டரை மாற்றவைத்தார். மீட்டர்காரர் வாழ்நாளில் முள்ளை நம்பாமல் மனுஷர் வாயை நம்பியது அந்த ஒரு விஷயத்தில்தான்.

தோளில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடினவன் கதை. இரண்டாவது ஆள் காலையிலிருந்து பக்கத்தில்தான் நடந்து வந்திருக்கிறாள்.

"கண் ஆஸ்பத்திரி எந்தப் பக்கம்?" என்றார், திரும்பாமல்.

"நீ உக்காந்திருக்கிற இடந்தான்."

"அப்போ கண்ணு?"

"கண்ணுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு."

"ஒரு வருஷமா உனக்குப் பேப்பர் படிச்சிட்டிருக்கேனே."

"நீ படிக்கிறது நல்லா இருந்துச்சு. நடுநடுவுல அவனவனைத் திட்டுவியே, அதுக்காகவே கேட்டேன்."

வெளியே மகள் ஆணி அடிக்கும் சத்தம். பறவை அசையவில்லை.

"நான் உனக்கு என்னக்கா குறை வெச்சேன்?"

அக்கா யோசித்தாள். அவள் எதையும் யோசிக்காமல் சொல்கிறவள் இல்லை.

"குறையில்ல. ஒரு குடம் கூடப் பிடிச்சா சாயங்காலம் ஏன்னு கேப்ப. துணி துவைச்சியா, தரை கழுவினியான்னு கேப்ப. இருபத்து மூணு வருஷமா பதிலை ரெடி பண்ணிக்கிட்டேதான்டா குழாயைத் திறக்கறேன்."

"கேட்டா தப்பா?"

"தப்புன்னு யார் சொன்னா? இங்க வந்தப்புறம் எனக்கும் கேள்வி கேக்க வருது. அது ஏன் கழுத்தை ஆட்டுது, ராத்திரி எங்க போகுது, கூடு எங்க கட்டியிருக்கு. வியாழக்கிழமை பாத்துட்டு வந்தா அடுத்த வியாழன் வரைக்கும் தெரியாம தவிச்சிட்டிருக்கேன். அறுபத்தாறு வயசுல எனக்குன்னு ஒண்ணு தெரிஞ்சிக்கணும்போல இருக்கு. சிரிக்காத."

அவர் சிரிக்கவில்லை. பாப்பாதான் உன்னைக் கூப்பிட்டாளா என்று கேட்டார். இல்லை, நான்தான் கேட்டேன் என்றாள். அவள் உன்னிடம் சொல்லச் சொன்னாள், நான்தான் தள்ளிப் போட்டேன் என்றாள்.

"கையெழுத்து?"

"இன்னும் போடல. உன்கிட்ட சொல்லாம போட மனசு வரல. அஞ்சு நாளா வாயைத் திறக்கப் பாத்தேன். நீ அந்த ஆளைத் திட்டிட்டே இருந்த. நடுவுல புகுந்து அது நான்தான்னு எப்படிச் சொல்றது?"

ஒண்ட வந்த பிடாரி. உழைத்துச் சாப்பிட வக்கில்லாத ஜென்மம். ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து அவர் காது சுட்டது. இருபத்து மூன்று வருடம் அவருக்குச் சோறு போட்ட கை அது.

நோட்டில் அன்றைய தேதியைப் போட்டு, 'நாணல் பறவை: 1' என்று எழுதினார். கீழே, 'முதலில் பார்த்தது அக்கா' என்று சேர்த்தார்.

திரும்பும்போது மகள்தான் பக்கத்தில் வந்து, உங்களைத் தனியாக விட்டுவிட்டோம் என்று நினைத்துவிடாதீர்கள் என்று மெதுவாக ஆரம்பித்தாள். நான் என்ன பால்குடியா, அடுப்புப் பற்றவைக்கத் தெரியும் என்று வெட்டிவிட்டார். அடுப்புப் பற்றவைத்தபின் என்ன செய்வது என்று தெரியாது. அதை அவளிடம் சொல்லவில்லை.

வழியில் புது வீடு. மரங்களுக்கு அடியில் இரண்டு அறை, தண்ணீர்ப் பக்கம் பார்த்த ஜன்னல். மீட்டர்காரர் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கம் போய் மீட்டர் மூடியைத் திறந்து, முட்டிபோட்டு உட்கார்ந்தார். எல்லாக் குழாயையும் மூடச் சொன்னார். மூடினார்கள். மீட்டருக்கு நடுவில் இருக்கும் சின்னச் சக்கரத்தை முகத்தை ஒட்டவைத்துப் பார்த்தார். மயிரிழை அசைந்தது.

"எங்கயோ கசியுது" என்றார் மகளிடம். "சமையலறைக் குழாயாத்தான் இருக்கும். ஆள் குடிவர்றதுக்கு முன்னாடி வாஷரை மாத்தச் சொல்லு."

எந்த ஆள் என்று மகள் கேட்கவில்லை. அக்கா மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாசலுக்கு வந்தபோது ஐந்து மணிக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம் பாக்கி. ஐந்து மணிக்குக் கடைசிப் பேருந்து. வாசல்காரம்மா மேஜையில் இரண்டும் தயாராக இருந்தன. ஒரு பக்கம் பதிவேடு, ஒரு பக்கம் குடியிருப்பு விண்ணப்பம், அதில் இரண்டாவது நபர் என்ற இடத்துக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு கட்டம்.

"வெளிய எத்தனை பேர்?" என்று கேட்டாள் வாசல்காரம்மா.

மீட்டர்காரர் பேனாவை எடுத்தார். பதிவேட்டின் கட்டத்துக்கு மேல் அது நின்றது. ஆயிரமாயிரம் வீட்டுக் கணக்கை எழுதின கைக்கு இந்த ஒரு எண் எழுத வரவில்லை. எழுதினால் அது அவர் எண். அவர் வேண்டுகிற எண்.

அவர் சட்டைப் பித்தானில் இருந்த நூலை அவிழ்த்தார். முடிச்சு பழையது, நேரம் பிடித்தது. பேனாவை அக்கா கையில் வைத்தார்.

"நீயே எழுது."

"எதுலடா?"

"எதுல எழுதணுமோ அதுல. நான் பாக்கப்போறதில்ல."

சொன்னபடி பார்க்கவில்லை. மகள் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, சுழல்கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். கிறீச். நிறுத்தத்துக்குப் போய், கதவுக்கு முதுகைக் காட்டி நின்றார். சட்டைப் பித்தானில் வெறும் நூல் காற்றில் ஆடியது. கை தன்னால் பையைத் தொட்டது. கடிதம் இருந்தது.

வளைவில் பேருந்து திரும்பும் சத்தம் கேட்டது. வெளிச்சம் சாலையில் விழுந்தது, கதவு திறந்தது, ஏறுகிறீர்களா என்று நடத்துனர் கேட்டார்.

"கொஞ்சம் இருங்க" என்றார் மீட்டர்காரர்.

அவர் காது மட்டும் பின்னால் இருந்தது. மாலையில் சுழல்கதவு இதுவரைக்கும் ஒரு தடவைதான், அவர் வந்ததற்கு மட்டும், கிறீச்சிட்டிருந்தது.